சன்னலோரத் தோட்டம்

மலேசியத் தமிழர்க்குத் 'தோட்டம்' என்னும் சொல் பூஞ்செடிகளை நினைவூட்டுவதில்லை. இரப்பர் மரங்களையும் லயத்து வீடுகளையுமே நினைவூட்டும். கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்கு அருகில் அத்தகைய தோட்டமொன்றில் பிறந்தவன் நான். பால்வெட்டி வந்த அம்மா, மாலையில் லயத்தின் பின்புறம் முளைக்கீரையும் தண்டுக்கீரையும் பயிரிடுவார். கையில் காசில்லாத மாதக் கடைசியில் எங்கள் சோற்றுக்குத் துணை நின்றவை அவையே. ஆயினும் மண் எங்களுடையதன்று. வேலை உள்ளவரை வீடு. வீடு உள்ளவரை பாத்தி. 1999ஆம் ஆண்டு அந்நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, பறிக்கும் பருவத்துக் கீரையை அப்படியே விட்டு வந்தோம். அம்மா எடுத்து வந்தது, பழந்துணியில் முடிந்த ஒரு பிடி விதை மட்டுமே.

நகரத்தில் எங்களுக்கு அடுக்குமாடியின் நான்காம் மாடியில் வீடு வாய்த்தது. அம்மா அவ்விதையைப் பால்மாவு டின்களில் தூவினார். ஆண்டுதோறும் சில செடிகளைப் பூக்கவிட்டு விதையும் எடுத்து வைத்தார். "கடையில் கிடைக்கும் கீரைக்கு இத்தனை பாடா?" என்று நான் நகைத்ததுண்டு.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளி மூடப்பட்டு வீட்டிலிருந்த நான், மலாய்க்காரர் செலாடா என வழங்கும் சாலட் கீரையைக் கூடத்தின் மூலையில் ஒரு டின்னில் விதைத்தேன். நாற்றுகள் நூலாய் நீண்டு, வெளிறிச் சாய்ந்தன.

"வெளிச்சத்துக்கு ஏங்குதுப்பா. காலை வெயில் படுற சன்னல்ல வை" என்றார் அம்மா.

அன்று நான் மாணவன் ஆனேன். டின்னின் அடியில் ஆணியால் துளையிடச் செய்தார்; நீர் தேங்கினால் வேர் அழுகும். மண்ணோடு கரியாக்கிய நெல் உமியைக் கலக்கச் சொன்னார். நெல் விளையும் கெடாவில் உமிக்குப் பஞ்சமில்லை. விதையின்மேல் மண்ணை மெல்லத் தூவினால் போதும் என்றார். சாலட் கீரை குளிர்ச்சி விரும்புவது. கேமரன் மலையில் செழிக்கும், நம் சமவெளி வெப்பத்தில் விரைவில் பூத்துக் கசக்கும். ஆதலால் செடியைப் பிடுங்காமல், இளமையிலேயே புறத்து இலைகளை மட்டும் கிள்ளினோம். உள்ளிருந்து புதியவை துளிர்த்தன.

ஆறாம் வாரம், வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் கலந்து அவ்விலைகளை உண்டோம். பச்சை இலை அம்மாவுக்குப் புதிதன்று. மலாய்க்காரரின் உலாமில் வல்லாரையைச் சுவைத்துப் பழகியவர்.

உண்டு முடித்தபின், டின்களுக்கு நீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இதைப் புடுங்கிட்டுப் போகச் சொல்ல இனி ஒருத்தரும் வரமாட்டாங்கப்பா."

இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஏன் அந்த விதையைக் காத்தார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. தோட்டத்தில் வாழ்ந்த நாளெல்லாம் எங்களுக்கென ஒரு தோட்டம் இருந்ததில்லை. ஒரு சாண் அகலமே உள்ள அந்தப் பால்மாவு டின்தான், என் தாய் தனக்கே உரியதென்று பயிரிட்ட முதல் நிலம்.