லித்தியமும் புற்றுமண்ணும்

ஹைதராபாத் நகருக்கு வெளியே நடந்த அந்த இயற்கை மருத்துவ முகாமின் சேர்க்கைப் படிவத்தில் பதினொரு கேள்விகள் இருந்தன. பத்துக்கு அவன் விடை எழுதினான். "தற்போது உட்கொள்ளும் மருந்துகள்" என்ற வரியை மட்டும் வெற்றாக விட்டான். பொய் எதுவும் எழுதவில்லை. பையின் அடியில், காலுறைக்குள் சுருட்டி வைத்த மாத்திரை அட்டையில் லித்தியம் கார்பனேட் இருந்தது.

மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றுத் துறையில் அவன் முனைவர் பட்ட ஆய்வாளன். ஊர் சங்கரன்கோவில் பக்கம். இரண்டாம் ஆண்டின் இறுதியில் நான்கு இரவுகள் உறங்காமல், ஆய்வேட்டின் ஐந்து இயல்களையும் ஒரே வாரத்தில் முடித்துவிடப் போவதாக நெறியாளருக்கு விடியற்காலைதோறும் மின்னஞ்சல் அனுப்பினான். உதவித்தொகை முழுவதும் புத்தகங்களாயிற்று. பிறகு ஐந்து வாரங்கள் கட்டிலை விட்டு எழவில்லை. இருமுனையப் பிறழ்வு என்றார்கள். லித்தியம் தொடங்கிய மூன்றாம் மாதம் உறக்கம் ஒழுங்குக்கு வந்தது. எழுதிய பக்கங்களை நிதானமாகத் திருத்த முடிந்தது. மருந்து பயன் தந்தது என்பதில் அவனுக்கே ஐயம் இல்லை. ஆனாலும் அந்த வரியை வெற்றாக விட்டான்.

காரணம் இரண்டு வாசல்களிலும் இருந்தது. பெரிய மருத்துவமனை ஒன்றின் புறநோயாளர் பிரிவில், மூச்சுப்பயிற்சி செய்யலாமா, உணவில் ஏதேனும் மாற்ற வேண்டுமா என்று அவன் ஒருமுறை கேட்டான். மருத்துவர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதெல்லாம் உங்கள் விருப்பம், மாத்திரையை மட்டும் விடாதீர்கள்" என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவரைக் குறை கூறுவது எளிது. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் அவருக்குக் கிடைத்தவை நான்கு நிமிடங்கள். எனினும் "உங்கள் விருப்பம்" என்ற சொல், இனி இதை இங்கே கேட்காதே என்றே அவன் காதில் விழுந்தது. மறுபுறம், முகாமின் துண்டறிக்கை இரசாயன மாத்திரைகளை நஞ்சு என்றது. ஓரிடத்தில் சொன்னால் அலட்சியம், மற்றோரிடத்தில் சொன்னால் கண்டனம். இரண்டையும் தன் உடலுக்குள்ளேயே வைத்துக்கொள்வது அவனுக்கு நாகரிகமான தீர்வாகத் தோன்றியது.

இதற்கு முன்பே ஒரு குழப்பம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் அவன் முதலில் சந்தித்தவர் ஆலோசகர், பிறகு உளவியலாளர், அதன்பின் மனநல மருத்துவர். மூவரையும் விடுதியில் எல்லோரும் "டாக்டர்" என்றே அழைத்தார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அத்துறையில் பட்டமேற்படிப்பும் படித்தவர். மருந்து எழுதுபவர், இரத்தப் பரிசோதனை கேட்பவர். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர். சோதனைகளும் உரையாடல்வழிச் சிகிச்சையும் அவர் பணி. மனநல சமூகப் பணியாளர் குடும்பத்தோடும் வேலையிடத்தோடும் பேசுபவர். ஆலோசகர் என்ற பலகைக்குப் பின்னால் இருப்பவரின் கல்வியோ இடத்துக்கு இடம் வேறுபடும். கேட்டுத்தான் அறிய வேண்டும், கேட்பதில் அவமரியாதையும் இல்லை. இவர்களில் யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு எவரும் கூறவில்லை. தன் மூச்சுப்பயிற்சி ஆசையை மருத்துவரிடமும், மருந்தால் கை நடுங்குவதை ஆலோசகரிடமும் சொல்லி, இருவரிடமும் தக்க விடை பெறாமல் திரும்பினான்.

தமிழில் ஆலோசகருக்கு ஆற்றுப்படுத்துநர் என்றொரு சொல்லும் வழங்குகிறது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், வறுமையில் எதிர்வரும் இன்னொருவரை வள்ளலிடம் வழிகாட்டி அனுப்புவது அவ்வகைப் பாட்டு. வழியில் எந்த நிலம் வரும், எங்கே என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் அதில் விரிவாக வரும். ஆறு என்றால் வழி. அச்சொல்லை ஆக்கியவர்கள் ஆறுதலையும் அதனுள் கேட்டிருப்பார்கள். ஆயினும் அதன் கடுமையான பொருள், அடுத்த இடத்துக்குச் சரியாக அனுப்பி வைத்தல் என்பதே.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இந்த வழிகளைப் பற்றி அறிந்திருக்கிறது. மனநலத் தொழில்முறையாளர் யார் என்று வரையறுக்கும் பிரிவில் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோருக்குப் பிறகு ஆயுர்வேதம், ஹோமியோபதி, யுனானி, சித்தம் ஆகிய முறைகளில் உரிய பட்டமேற்படிப்பு முடித்தவர்களும் வருகிறார்கள். சித்தத்துக்கு எதிரே ஆங்கிலச் சட்ட வாசகத்தின் நடுவே "சிறப்பு மருத்துவம்" என்ற தமிழ்த் தொடர் ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. மொழி ஆராய்ச்சி செய்வோருக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. ஆனால் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து எண்ணப்பட்ட இவர்கள், ஒரே நோயாளியைப் பற்றி ஒருவரோடொருவர் பேசுவது அரிது. பெங்களூரு நிம்ஹான்ஸில் ஒருங்கிணைந்த மருத்துவத்துக்கென்று ஒரு துறையே இருக்கிறது. நாட்டின் மிகப் பெரும்பாலான நோயாளிகளுக்கு அப்படியொரு கூரை இல்லை. இயற்கை மருத்துவம் அந்த வரையறையில் இடம்பெறவே இல்லை.

முகாமில் அவனுக்குக் கொடுக்கப்பட்டவை எளியவை. முதல் மூன்று நாள் எலுமிச்சையும் தேனும் கலந்த நீர், பிறகு உப்பில்லாத காய்கறிகள். காலையில் நீராவிக் குளியல், வெயிலேறியதும் வாழையிலைக் குளியல். இரத்த அழுத்தம் மிகுந்த ஒருவருக்கு இவற்றில் சில நன்மை தரவும் கூடும். லித்தியம் உட்கொள்பவருக்கு அவை ஆபத்து. தனிம அட்டவணையில் லித்தியமும் சோடியமும் ஒரே தொகுதியில் இருப்பவை. சிறுநீரகம் சோடியத்தை மீட்டெடுக்கும் வழியிலேயே லித்தியத்தையும் மீட்டெடுக்கிறது. உடலில் உப்பும் நீரும் குறைந்தால், இருப்பதை விடக்கூடாது என்று சிறுநீரகம் இரண்டையும் சேர்த்தே பிடித்துவைக்கும். அதே அளவு மாத்திரை, இரத்தத்தில் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இது புதிய செய்தியன்று. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், பித்தெழுச்சிக்கு லித்தியம் பயன் தருவதை வெளியிட்டது 1949-இல். அதே ஆண்டில் அமெரிக்காவில், உப்பைத் தவிர்க்க வேண்டிய நோயாளிகளுக்கு உப்புக்கு மாற்றாக விற்கப்பட்ட லித்தியம் குளோரைடு நச்சாகிச் சிலர் உயிரிழந்தார்கள். ஒரே பொருள், ஒரே ஆண்டு. இந்தச் செய்தி அவனுடைய மாத்திரை அட்டையின் உள்ளே மடித்து வைத்த தாளில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் இருந்தது.

ஆறாம் நாள் கையில் தம்ளர் நிற்கவில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான். கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்றார் முகாமின் மூத்தவர். இளம் மருத்துவர் ஒருவர் மட்டும் திரும்ப வந்து, "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றான். அப்போதுதான் அவன் முதல்முறையாகப் பொய் சொன்னான்.

அன்றிரவு அம்மா தொலைபேசியில் அழைத்தார். இரண்டு வாக்கியம் கேட்டதும், "ஏன்யா, நாக்குக் குழறுது? தூங்கிட்டிருந்தியா?" என்றார். தூங்கவில்லை என்பதை அவன் சொல்லி முடிப்பதற்குள் அழைப்பைத் துண்டித்து அறைத்தோழனுக்குப் பேசினார். மகன் என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்பது அம்மாவுக்குத் தெரியாது. அறைத்தோழனுக்கு அட்டையின் நிறமும் பெயரும் தெரியும். அவன் 14416 என்ற டெலி-மனஸ் எண்ணை அழைத்தான். 2022 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவையில் தமிழும் உண்டு. லித்தியம், உப்பில்லாத உணவு, குழறல், தள்ளாட்டம் என்று சொன்னதும் மறுமுனையிலிருந்தவர், அடுத்த மாத்திரை வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள் என்றார்.

இரத்தத்தில் லித்தியம் 2.1. பொதுவாக 0.6-க்கும் 1.0-க்கும் இடையில் வைத்திருப்பார்கள், 1.5-ஐத் தாண்டினாலே நச்சின் எல்லை. அவனுக்கு நரம்பு வழியே ஏற்றப்பட்டது, வேறொன்றுமில்லை, உப்பு நீர். மூன்றாம் நாள் நாக்கு தெளிந்தது.

முகாமின் இளம் மருத்துவர் மருத்துவமனைக்கு வந்தார். என்னென்ன சிகிச்சை, எத்தனை மணி நேரம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

"சொன்னால் நிறுத்தச் சொல்வீர்கள் என்று நினைத்தேன்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. "சொல்லியிருப்பேனோ என்னவோ" என்றார் பிறகு.

அந்தத் தாளை மனநலப் பிரிவின் மருத்துவர் முழுவதும் படித்தார். தெலுங்கு பேசும் நடுவயதுப் பெண்மணி. அவர் முகாம் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு அவனிடம், மெதுவான மூச்சுப்பயிற்சி வேண்டுமானால் செய்யலாம், விரைந்து மூச்சு வாங்கி விடும் பயிற்சிகள் வேண்டாம், நோன்பு கூடாது, உப்பைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்றார். உறக்க நேரத்தை ஒழுங்குபடுத்த மருத்துவ உளவியலாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தில் முகாமும் இடம்பெற்றது.

அதற்குள் அம்மா ரயிலேறி வந்துவிட்டார். மருத்துவர் அவரிடம், வீட்டில் வேறு ஏதாவது செய்கிறீர்களா என்று அவன் வழியாகக் கேட்டார். அம்மா முந்தானை முடிச்சைக் கையால் மூடிக்கொண்டு, "ஒண்ணுமில்ல டாக்டரம்மா" என்றார். மகன் மொழிபெயர்க்கத் தயங்கினான். அந்த "ஒண்ணுமில்ல" அவனுக்குப் பழகியது; படிவத்தில் அவன் விட்ட வரி அது.

"அம்மா, சொல்லுங்க. இவங்க திட்ட மாட்டாங்க" என்றான்.

அம்மா முடிச்சை அவிழ்த்தார். சங்கரன்கோவிலிலிருந்து கொண்டுவந்த புற்றுமண்.

"ஓ, புட்ட மன்னு!" என்றார் மருத்துவர். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அம்மா முதல்முறையாக மருத்துவரை நேராகப் பார்த்தார்.

"உள்ளுக்குக் கொடுக்கிறாரா, பூசுகிறாரா என்று கேளுங்கள்."

"நெத்தியிலதான். கொஞ்சூண்டு வாயிலயும் போடுவேன்" என்றார் அம்மா, இப்போது எதையும் மறைக்காமல்.

நெற்றியில் பூசட்டும், வாயில் வேண்டாம் என்றார் மருத்துவர். பிறகு கோப்பைத் திறந்து, மருந்துகளின் பட்டியலுக்குக் கீழே, நான்காவது வரியாக அதையும் எழுதினார்.