கண்ணனின் 'போதும்'

அன்புள்ள செல்விக்கு,

அக்கா எழுதுவது. எழுத உட்கார்ந்தாலே கண்ணன் சிலேட்டைத் தூக்கி எறிகிறான், தன் கையையே கடித்துக்கொள்கிறான், அதட்டியும் கெஞ்சியும் பார்த்தாயிற்று என்று எழுதியிருந்தாய். முதலில் டாக்டரிடம் பல், காது இரண்டையும் காட்டிவிடு. வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் இப்படியும் காட்டுவார்கள்.

வலி இல்லையென்றால், ஒரு நோட்டில் மூன்றே விஷயங்களைக் குறித்து வா: அவன் முரண்டு பிடிப்பதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. நீ எழுதியதைப் பார்த்தால், அவன் கடித்ததும் சிலேட்டை எடுத்து வைத்துவிடுகிறாய். பேச்சு வராத பிள்ளை 'போதும்' என்று சொல்ல ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான்; அது பலிக்கவும் செய்கிறது. அதை அடைத்தால் மட்டும் போதாது. அதே பலனைத் தரும் இன்னொரு வழியை நாம்தான் காட்ட வேண்டும்.

1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற உளவியலாளர்கள் நான்கு பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். பாடம் கடினமாகும்போது முரண்டு பிடித்தவர்களுக்கு 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லவும், கவனிப்புக்காகத் தொல்லை செய்தவர்களுக்கு 'நான் நன்றாகச் செய்கிறேனா?' என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். காரணத்துக்குப் பொருந்திய சொல் கிடைத்ததும் தொல்லை வெகுவாகக் குறைந்தது. பொருந்தாத சொல்லால் பயனில்லை.

கண்ணனுக்குச் சொல்லுக்குப் பதில் ஒரு அட்டை போதும். விரித்த உள்ளங்கையை அதில் வரைந்து சிலேட்டுக்குப் பக்கத்தில் வை. உடம்பை முறுக்கத் தொடங்கும்போதே, கடிப்பதற்கு முன், அவன் கையைப் பிடித்து அட்டையைத் தொடவை. "ஓய்வு வேணுமா? சரி" என்று சொல்லி அந்த நொடியே சிலேட்டை எடுத்துவிடு. தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் கொடு, தாமதிக்காதே. கடிப்பதைவிட அட்டை சுலபமாகவும் சீக்கிரமாகவும் பலிக்க வேண்டும். அது படிந்த பிறகு, "இன்னும் ஒரு எழுத்து, அப்புறம் ஓய்வு" என்று மெல்ல நீட்டலாம்.

மீறிக் கடித்துவிட்டால் திட்டாதே. கையில் காயம்படாமல் பார்த்துக்கொள். சுலபமான ஒரு கோட்டைச் சேர்ந்து போட்டுவிட்டு, அப்புறம் அட்டையைத் தொடவை. கடித்ததற்காகப் பாடம் முடியக் கூடாது.

பழைய வழி பலிக்கவில்லை என்றதும் முதலில் இன்னும் பலமாக முயல்வான். அத்தைக்கும் மாப்பிள்ளைக்கும் இதை முன்னதாகவே சொல்லிவை. பாவமாக இருக்கிறதே என்று ஒருவர் அன்றைக்கு விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாகக் கடித்தால் கிடைக்கும் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். காயம்படும் அளவுக்குப் போனால் தனியாகச் சமாளிக்காதே, நடத்தைப் பயிற்சியாளரை உடன் வைத்துக்கொள்.

அவனாகவே அட்டையைத் தொடும் நாளில், எழுத்தெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவனைக் கொண்டாடு. தன் விருப்பத்தை நோகாமல் சொல்லக் கற்ற பிள்ளை மற்றதையும் கற்பான். நோட்டைத் தவறாமல் எழுது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அக்கா