பிரிச்ச நூலு

1994-ல் மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். காலையிலேருந்து பேச்சு. கை சும்மா இருந்தா எனக்குக் காது சரியாக் கேக்காது. பையிலிருந்த உல்லன் நூலையும் ஊசியையும் எடுத்துப் பின்னிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தோழர் பக்கத்தில் வந்தார். "என்னக்கா, இது பங்களாப் பொம்பளைங்க பொழுது போகாமச் செய்ற வேலையாச்சே, நீங்களுமா?" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இருந்தாலும் எனக்கு முகம் செத்துப் போச்சு. பதில் வரவில்லை. நூலைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நாங்க வால்பாறை எஸ்டேட் ஆளுங்க. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கங்காணி பேச்சை நம்பி மலையேறினவங்க. டாக்டர் பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்த நாவலைப் படித்தவர்களுக்கு அந்தக் குளிரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாவல் சொல்வது வெள்ளைக்காரன் காலத்தை. என் காலத்தில் அடி உதை குறைந்திருந்தது. குளிர் குறையவில்லை. ஜூன் மாசம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. லைன் வீட்டுச் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே வந்துவிட்டது. குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுக்கச் சொல்ல அரசாங்கத்துக்கு அதில் இடமிருந்தது. ஆனால் அது கொழுந்து கிள்ளுகிறவளுக்கு. அவ பெத்த புள்ளைக்கு?

அம்மா பின்னல் கற்றது பங்களாவில். தொரைசாணி மாசமாயிருந்த சமயம் வீட்டு வேலைக்கு எங்கம்மாவை அனுப்பியிருந்தார்கள். (தொரைன்னா வெள்ளைக்காரன் இல்லை. நம்ம ஆளுதான். அதாவது தமிழன். நம்ம ஆளுன்னது வாய் தவறி வந்துட்டுது.) அந்தம்மா வராந்தாவில் உட்கார்ந்து பிறக்கப்போற பிள்ளைக்குப் பின்னிக்கொண்டிருப்பாராம். அம்மா அதே வராந்தாவைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே ஊசி போகிற போக்கைப் பார்த்திருக்கிறாள். கேட்கவில்லை, சொல்லித் தரவுமில்லை. வீட்டுக்கு வந்து மூங்கிலை ஒடித்து, கண்ணாடிச் சில்லால் சீவி, ஊசி ரெண்டு செய்தாள். நூலுக்கு எங்கே போறது? உரச்சாக்கைப் பிரித்த சணலில்தான் முதல் கண்ணி ஏத்தினாள். நிட், பர்ல் என்று இப்போது நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு 'உள்ள', 'வெளிய', அவ்வளவுதான். "ரெண்டு உள்ள, ரெண்டு வெளிய. இழுத்தா இழுக்கும், விட்டாச் சுருங்கும். கைக்கும் கழுத்துக்கும் இதுதாண்டி."

1979. நான் ஆறாம் வகுப்பு. தொரைசாணி தன் மூத்த மகளுக்குப் பின்னின மெரூன் ஸ்வெட்டர் ஒன்று பழசாகி, எனக்கு வந்தது. நான் துள்ளிக் குதித்தேன். மறுநாள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஆபீஸ் கிளார்க் மகள் என் வகுப்பு. பங்களாவுக்கு விளையாடப் போகிறவள். பார்த்ததும், "ஏய், இது பங்களாப் பாப்பா போட்டதுல்ல? இந்தா பாரு, மசிக்கறைகூட அப்படியே இருக்கு" என்று பையைத் தொட்டுக் காட்டினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரும் சிரித்தார். அன்றைக்குப் பூராவும் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குளிரில் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அம்பேத்கர் நூற்றாண்டு சமயம், 1991-ல், வாசிக்கத் தொடங்கினபோது ஒன்று தெரிந்தது. மனுஸ்மிருதி பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு உடுப்பு எது என்று விதிக்கிறது: பிணத்தின் துணி. 1927 டிசம்பர் 25-ல் மகாத்தில் பாபாசாகேப் முன்னால் எரிக்கப்பட்டது அந்தப் புத்தகம்தான். வாசித்ததும் எனக்கு மெரூன் ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது. பங்களாப் பிள்ளை சாகவில்லை, உண்மைதான். ஆனால் அடுத்தவங்க உடம்பிலிருந்து கழிந்தது நம் உடம்புக்கு என்கிற கணக்கு ஒன்றுதானே. ஊர்ப்பக்கம் ஆச்சி வாங்கின பழைய சோறும் பழைய சேலையும் மலையேறி எங்க கூடவே வந்திருந்தது.

சாயங்காலம் அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். அவள் யாரையும் திட்டவில்லை. "அழாதட்டி. அது அவ ஸ்வெட்டரு. நாளைக்கு இருக்காது" என்றாள். சோறாக்கி முடித்து, சிம்னி விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் இரண்டு பக்க இணைப்பையும் பிரித்தாள். கைப்பின்னல் என்பதால் துண்டு துண்டாக வந்தது. வெட்டித் தைத்த மிஷின் ஸ்வெட்டராயிருந்தால் நூல் முழம் முழமாகத்தான் கிடைக்கும், புண்ணியமில்லை. பிறகு கழுத்து. பின்னல் முடிகிற இடத்திலிருந்துதான் பிரிக்க முடியும், தொடங்கின இடத்திலிருந்து இழுத்தால் சிக்கும். முடிச்சை அவிழ்த்து இழுத்ததும் சரசரவென்று வந்தது. என் ரெண்டு முழங்காலிலும் நூலைச் சுற்றினாள். முடி பின்னி அவிழ்த்தது போல நெளிநெளியாக இருந்தது. நாலு இடத்தில் துணிக்கிழிசலால் கட்டி சிட்டமாக்கினாள்.

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நனைத்தாள், வெதுவெதுப்பாக மட்டும். கம்பளியைக் கொதி தண்ணியில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கட்டியாகி, அப்புறம் ஜென்மத்துக்கும் பிரிக்க வராது. அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டு அடியில் தண்ணீர் நிரப்பின பாட்டிலைக் கட்டினாள். பாரத்தில் நெளிவு நிமிர்ந்துவிடும். அந்த மழையில் காய மூன்று நாள் பிடித்தது. நூலெல்லாம் புகை வாசம். முழங்கையிலும் மணிக்கட்டிலும் நைந்த நூலைக் கழித்தாள். மசி பட்டது அடிமடிப்புக்குள்ளே போச்சு. மிச்சம் பத்தவில்லை. கடைத்தெருவில் பச்சை உல்லன் ரெண்டு அவுன்ஸ் வாங்கி நடுநடுவே பட்டை போட்டாள்.

ராத்திரிக்கு நாலு விரற்கடைதான் வளரும். பகல் பூராவும் கொழுந்து கிள்ளின விரல், வெடித்துக் கறுத்துக் கிடக்கும். நூல் அந்த வெடிப்பில் மாட்டும். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு உட்காருவாள். ஆகஸ்டில் முடிந்தது. கிளார்க் மகளே கேட்டாள், "புதுசா?" ஆமாம் என்றேன். இப்ப யோசிச்சாலும் அது பொய்யில்ல.

அதை ஏன் வாங்கினா, மூஞ்சியில வீசியிருக்கலாமே என்று பின்னாளில் ஒருவர் கேட்டார். நானும் கேட்டிருக்கிறேன். மூணு புள்ளைங்க, ஜூலை மாசம். வாங்கினாள். அடுத்தடுத்த வருஷமும் வாங்கினாள், ஒரு தடவை கேட்டே வாங்கினாள். அது எனக்கு இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. மறைக்க விரும்பவில்லை.

ஆனால் தேவைக்கு மட்டும் அவள் பின்னவில்லை. எங்களுக்கெல்லாம் ஆன பிறகும் ஊசி நிற்கவில்லை. வேப்பிலை மாதிரி ஒரு டிசைன் பிடித்தாள். ஒரு ஜாண் வந்ததும் எட்டிப் பார்த்து, "சொத்தையா இருக்கு" என்று முழுசையும் பிரித்துவிடுவாள். நான் கத்துவேன், எத்தனை ராத்திரி போச்சு என்று. "எவன் எடை போடப் போறான்?" என்பாள். பகலில் அவள் கிள்ளுகிற ஒவ்வொரு கொழுந்துக்கும் தராசு உண்டு, முத்தல் கழிவு உண்டு, சூப்பர்வைசர் வாய் உண்டு. ராத்திரி வேலைக்கு எடையில்லை. தனக்குப் பிடிக்கலை என்று சொல்ல அவளுக்கு வாழ்நாளில் இருந்த ஒரே இடம் அதுதான். தோழரே, பொழுதுபோக்கு என்று நீங்கள் சொன்னது இதை.

நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரியம்மா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுத் தந்தார். அடிமைக் குடும்பத்துப் பெண்கள் அந்தக் காசில் விடுதலையை வாங்கினார்கள் என்பது வரலாறு. பெரிய காரியம்தான். ஆனால் அந்த லேஸ் போனது சீமைச் சட்டைக்கு.

எனக்குக் கோயமுத்தூரில் வேலை. இந்த வெயில்ல உல்லனாக்கா என்று ஆபீசில் சிரித்தார்கள். இங்கே திருப்பூர் பனியன் வேஸ்ட் கிடைக்கிறது. பனியனும் பின்னல்தானே, மிஷின் போடுகிற அதே கண்ணி. அதை நீளநீளமாக வெட்டி குரோஷா ஊசியால் மிதியடி, பை என்று போடுகிறேன். பழைய ஸ்வெட்டர் யார் கொடுத்தாலும் ஒரு இழையைக் கொளுத்திப் பார்ப்பேன். முடி கருகின வாசம் வந்து பொடியாக உதிர்ந்தால் கம்பளி. உருகி மணியாக இறுகினால் அக்ரிலிக், கடையில் உல்லன் என்று விற்பதில் பாதிக்கு மேல் இந்தச் சரக்குதான்.

அம்மா 2017-ல் போய்ச் சேர்ந்தாள். அந்த மெரூன் நூலை அதற்குள் மூன்று தடவை பிரித்துப் போட்டிருந்தாள். கடைசியில் அது அவளோட கையில்லாத ஸ்வெட்டர். பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். போன வருஷம் மகளுக்கு ஊட்டிப்பக்கம் வேலை கிடைத்தது. "ஆச்சி ஸ்வெட்டரக் குடும்மா, அப்படியே போட்டுக்கிறேன்" என்றாள். அவளுக்கு அளவு கொள்ளாது. பிரிக்கணும் என்றேன். அவளுக்கு மனசில்லை. எனக்கு மட்டும் இருந்ததா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். கழுத்தில் அம்மா போட்ட முடிச்சு இறுகிக் கிடந்தது. பத்து நிமிஷமாக ஊசிமுனையால் நோண்டிக்கொண்டிருந்தேன். மகள் கத்திரியை நீட்டினாள். வேண்டாமென்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை முனையைத் தேடினேன்.