நாடிழந்தும் நாவிழக்காதவர்

பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியா என்றொரு நாடு உண்டு. பரப்பளவில் அது எமது இலங்கையிலும் சிறியது. அதன் மொழியைப் பேசுவோர் ஏறக்குறைய 11 இலட்சம் பேரே. இத்துணைச் சிறிய மொழியில் எழுதும் ஒருவர் தம் நாட்டையும் இழந்து அயல்நாட்டில் அடைக்கலம் புகுந்தால், யாருக்காக எழுதுவார்? எதற்காக எழுதுவார்? இது வெறும் கற்பனை வினாவன்று. கார்ல் ரிஸ்திகிவி என்னும் எழுத்தாளர் தம் வாழ்நாளிற் சரிபாதியை இவ்வினாவோடு கழித்தார்.

அவர் 1912ஆம் ஆண்டு, எஸ்தோனியாவின் மேற்குக் கரையோரக் கிராமம் ஒன்றிலே பிறந்தார். தாயார் பண்ணை வீடுகளில் ஊழியஞ் செய்து வாழ்ந்த ஏழைப் பெண். தந்தையின் பெயரும் துணையும் இன்றியே மைந்தன் வளர்ந்தான். வறுமைக்கிடையிலும் கல்வியைக் கைவிடாது, தார்த்து நகரின் புகழ்பெற்ற சர்வகலாசாலையிற் புவியியல் பயின்று 1942இற் பட்டம் பெற்றார். அதற்கு முன்னரே நாவலாசிரியராகப் பெயரெடுத்துவிட்டார். 1938இல் வெளிவந்த 'நெருப்பும் இரும்பும்' என்ற முதல் நாவல் போட்டியொன்றிற் பரிசு பெற்றதோடு, அந்நாட்டின் பெரும் நாவலாசிரியரான தம்ஸாரேயின் பாராட்டையும் பெற்றது. தலைநகராகிய தல்லின்னைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய மூன்று நாவல்களுள் அது முதலாவது.

அம்மூன்றனுள் இறுதியானது 1942இல் வெளிவந்த 'மூலிகைத் தோட்டம்'. அதன் நாயகர் யூலியுஸ் கிலிமித் பழைய மொழிகளைக் கற்பிக்கும் ஓர் ஆசிரியர். உலகியல் வெற்றி எதுவும் அவரைத் தேடி வருவதில்லை. எனினும், தாம் கற்ற உயர்ந்தவற்றை அவர் கைவிடுவதுமில்லை. கரும்பலகையின் முன் ஆண்டுக்கணக்காக நின்று பழகிய எம்போன்றோருக்கு இத்தகைய பாத்திரம் அந்நியமானதன்று. பரீட்சைக்கு உதவாத நல்ல விடயம் ஒன்றைச் சொல்லிவிட்டு, பின்வரிசையில் ஒரு முகமாவது மலர்ந்ததா என்று பார்க்கும் ஆசிரியன் எந்நாட்டிலும் ஒருவனே.

அந்நாவல் வெளிவந்த காலம் எத்தகையது? 1918இற் சுதந்திரம் பிரகடனஞ் செய்த எஸ்தோனியாவை 1940இற் சோவியத் படைகள் கைப்பற்றின. 1941 யூன் மாதத்தில் ஏறத்தாழ 10,000 பேர் சைபீரியாவுக்கும் பிற தொலைவிடங்களுக்கும் நாடுகடத்தப்பட்டனர். அதே ஆண்டில் யேர்மனியர் புகுந்தனர். 1944இற் சோவியத் படைகள் மீண்டும் வந்தன. முன்னர் கண்ட கொடுமையை நினைந்து பல்லாயிரம் மக்கள் மீன்பிடிப் படகுகளிலும் பிற கலங்களிலும் ஏறிக் கடல் கடந்தனர். ரிஸ்திகிவியும் பின்லாந்து வழியாக அவ்வாண்டிலே சுவீடனை அடைந்தார். அப்பொழுது அவர் முப்பது வயதைக் கடந்திருந்தார்.

சுவீடனில் அவருக்குக் கிடைத்தது நோய்க் காப்புறுதி அலுவலகத்தில் இலிகிதர் உத்தியோகம். மணம் புரியாது தனித்தே வாழ்ந்தார். பகலில் அந்நியருடைய மொழியிற் பத்திரங்களை நிரப்புதல், இரவில் தாய்மொழியிலே நாவல் எழுதுதல் என இரு வேறு வாழ்க்கைகள் அவருக்கு அமைந்தன. அவ்வெழுத்து அச்சேறியது எங்ஙனம் என்பது நாம் வியந்து போற்றத்தக்க செய்தி. சுவீடனின் லுண்ட் நகரிற் கவிஞர் பேர்னார்ட் காங்ரோவின் முயற்சியால் எஸ்தோனிய எழுத்தாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. பல நாடுகளிற் சிதறிக் கிடந்த அகதிக் குடும்பங்கள் அதன் நூல்களை வாங்கி ஆதரித்தன. தொழிற்சாலைகளிலும் பிறர் வீடுகளிலும் உழைத்துப் பெற்ற கூலியில் ஒரு பங்கு தாய்மொழி நூலுக்கென்று ஒதுக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சங்கம் நிலைத்தமைக்கு இதுவே காரணம்.

புலம்பெயர்ந்ததும் ரிஸ்திகிவி முதலில் எழுதியவை இழந்த நாட்டின் கடைசி நாட்களைப் பற்றியவை. 1946இல் ஒன்றும் 1947இல் ஒன்றுமாக இரு நாவல்கள் வந்தன. மூன்றாவது ஒன்று வருமென எதிர்பார்க்கப்பட்டது, அது எழுதப்படவேயில்லை. நினைவை மட்டும் முதலாகக் கொண்டு நெடுநாள் வாணிகம் நடத்த இயலாது என்பதை அவர் உணர்ந்தார் போலும்.

1953இல் 'ஆன்மாக்களின் இரவு' வெளிவந்தது. வருடத்தின் இறுதி இரவிலே, ஸ்ரொக்ஹோம் நகரின் ஆரவாரத்துக்கிடையே தனித்து நடக்கும் அகதி ஒருவன், திறந்திருந்த கதவொன்றைக் கண்டு உள்ளே நுழைகின்றான். அந்த வீடு முடிவின்றி விரிகின்றது. ஓர் அறையைக் கடந்தால் மற்றோர் அறை. முன்பின் அறியாத மனிதர். வெளியே செல்லும் வழியோ தெரிவதில்லை. பிற்பகுதியில் ஒரு நீதிமன்றம் கூடுகின்றது. எழுவகைப் பாவங்களையும் நினைவூட்டும் ஏழு சாட்சிகள் தோன்றுகின்றனர். இரு பகுதிகளுக்கும் நடுவே ஆசிரியர் கதையை நிறுத்தி, பெண்மணி ஒருவருக்குக் கடிதம் எழுதுகின்றார். அகதி வாழ்க்கையின் துன்பத்தை இந்நூல் கண்ணீரால் எழுதவில்லை. அழைக்கப்படாத விருந்தினனாய் ஒரு பெருவீட்டில் அலையும் மனிதனின் திகைப்பை எழுதியது. அதுவே இன்று அவருடைய தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

அதன்பின் எட்டு ஆண்டுகளாக அவரிடமிருந்து நாவல் எதுவும் வெளிவரவில்லை. மீண்டும் எழுதத் தொடங்கியபொழுது அவர் எஸ்தோனியாவைப் பற்றி எழுதவில்லை. இடைக்கால ஐரோப்பாவைப் பற்றி எழுதினார்! 1961இல் வெளிவந்த 'எரியும் கொடி', பாட்டனார் ஆண்ட சிசிலியை மீட்கச் சென்று 1268இல் நேப்பிள்ஸ் நகரிலே, பதினாறு வயதிற் சிரச்சேதம் செய்யப்பட்ட இளவரசன் கொன்றாடினின் கதை. மறு ஆண்டில் வந்த 'கடைசி நகரம்', சிலுவைப் போர் வீரர் தமக்கென வைத்திருந்த ஆக்ரே நகரம் 1291இல் வீழ்ந்த கதை. தம் நாட்டை மறந்து பிறர் வரலாற்றுக்குள் ஓடி ஒளிந்தார் என்று இதனைக் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே எம் கருத்து. முடியிழந்த இளவரசனையும் வீழப்போகும் நகரத்தின் இறுதி நாட்களையும் எழுதியவருக்குத் தம் நாடு நினைவில் இல்லாதிருக்குமா? தம் மக்களின் துயரம் உலகிற் புதிதன்று, மனித குலம் முன்னரும் அதனைத் தாங்கியதுண்டு என்று அவர் கண்டார். அக்காட்சியையும் எஸ்தோனிய மொழியிலேயே எழுதி வைத்தார்.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழால் ஆகப்போவது என்ன என்று எம்மிடம் வினவும் பெற்றோர் உளர். வீட்டு நினைவுகளையும் பண்டிகைப் பலகாரங்களையும் பேசுவதற்கு மட்டுமே ஒரு மொழி பயன்படுமாயின், அவ்வினாவுக்கு விடை கூறுதல் கடினமே. ஆனால், சியன்னா நகரத்துப் புனித கதரீனாவைப் பற்றியும், 18ஆம் நூற்றாண்டு உரோமாபுரியைப் பற்றியும் இச்சிறுமொழியில் நாவல் எழுதலாம் என்று காட்டினார் அந்த இலிகிதர். வீட்டு மொழியால் உலகம் முழுவதையும் சிந்திக்க இயலுமென்று பிள்ளை ஒருமுறை உணர்ந்துவிட்டால், பின்னர் அதனைக் காக்குமாறு நாம் வற்புறுத்த வேண்டியதில்லை.

ரிஸ்திகிவி 1977இல் ஸ்ரொக்ஹோமை அடுத்த சோல்னாவிற் காலமானார். தாய்நாட்டின் விடுதலையை அவர் காணவில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் அவருடைய புலம்பெயர் நூல்கள் அங்கே கடைகளில் விற்கப்படவுமில்லை. 1991இல் எஸ்தோனியா மீண்டும் சுதந்திரம் பெற்றபின் அந்நூல்கள் அங்கே தடையின்றிப் பதிப்பிக்கப்பட்டன. தார்த்து நகரில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக விளங்குகின்றது. 2017இல் அவருடைய அஸ்தியும் பிறந்த மண்ணுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கஞ் செய்யப்பட்டது. எழுதிய நாளில் அவருக்கு வாசகர் சில ஆயிரவர். தாம் எழுதியவற்றை ஒரு நாடு முழுவதும் ஒருநாள் படிக்கும் என்று உறுதிகூற அன்று எவருமிலர். அவ்வுறுதி கிடைக்கும்வரை பேனாவைக் கீழே வைத்திருந்தாராயின், நாடு மீண்டபொழுது அதன் கையிற் கொடுப்பதற்கு ஒன்றும் இருந்திராது.