வாங்கும் கை

சென்னையிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையில், தௌண்டு சந்திப்பைக் கடந்து புனேயை நெருங்குமுன், கேட்காவ் என்றொரு சிறு நிலையம் வருகிறது. விரைவு வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. மூட்டை முடிச்சுகளை எண்ணிச் சரிபார்க்கும் பரபரப்பில் நம்மவருள் பலர் அதைக் கவனித்தும் இருக்கமாட்டார்கள். பண்டித ரமாபாய் அம்மையார் 'முக்தி' என்னும் அடைக்கல இல்லத்தை நிறுவிய ஊர் அதுவே.

நாங்கள் அவ்வம்மையாரின் வரலாற்றைத் தேடிப் படித்தது கல்வி ஆவலால் அன்று. 2019-ஆம் ஆண்டில், எங்களுக்குச் சோறு போட்டுவந்த தொழிற்சாலை மூடப்பட்டது. நெல்லைச் சீமையிலிருந்து இங்கு வந்து குடியேறி இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு ஆண்டு தவறாமல் ஒரு மூட்டை அரிசி கொடுத்துவந்த வீடு எங்களுடையது. மறு ஆண்டு பெருந்தொற்று வந்து ஊரே அடங்கிக் கிடந்தபோது, அதே சபையிலிருந்து பத்துக் கிலோ அரிசியும், பருப்பும், எண்ணெயும் எங்கள் வாசலுக்கு வந்தன. கொண்டுவந்த இளைஞன் ஞாயிறு பள்ளியில் எங்களிடமே பாடம் கேட்டவன். "மாமா, இது எல்லா வீட்டுக்கும் கொடுக்கிறதுதான்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அது பொய் என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தப் பொய்யை நாங்கள் இன்றளவும் நன்றியோடு நினைக்கிறோம்.

அன்றிரவு அந்த அரிசியை உலையில் இட நெடுநேரம் கை எழவில்லை. கொடுப்பதில் ஒரு மேடை இருக்கிறது. வாங்குவதில் அது இல்லை. தாழ்மையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அந்த ஒரு படி அரிசியைக் களைந்தபோது கேட்டது வேறு பிரசங்கம்.

ரமாபாயின் நூல்கள் எங்கள் கைக்கு வந்தது அந்நாட்களில்தான். 1858-இல் பிறந்த அவருக்குத் தாயே சமஸ்கிருதம் கற்பித்தார். தலம் தலமாகச் சென்று புராணம் படித்து வாழ்ந்தது அக்குடும்பம். 1870-களின் பஞ்சம் அவர்களைச் சென்னை மாகாணத்தில் வந்து பிடித்தது. திருப்பதி மலைக்காட்டில் பதினொரு நாள் நீரும் இலையும் சிறிது காட்டுப் பழமுமாகக் கிடந்ததை அவரே எழுதியிருக்கிறார். உடல் உழைத்துப் பழகாத, பிச்சை கேட்கவும் நா எழாத குடும்பம் அது. தந்தை, தாய், தமக்கை மூவரும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். தமையனோடு நடந்து 1878-இல் கல்கத்தா சேர்ந்தபோதுதான், அங்குள்ள அறிஞர்கள் அவருக்குப் 'பண்டிதா' என்னும் பட்டத்தை அளித்தனர். பின்னர் தமையனும் போனார். மணந்த கணவரும் 1882-இல் காலமானார். கையில் ஒரு பெண் குழந்தை மட்டும் எஞ்சியது.

1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். இதோடு துன்பம் தீர்ந்தது என்று முடிக்கும் சாட்சிகள் பல உண்டு; அவருடையது அப்படியன்று. ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே, தாம் கிறிஸ்து சமயத்தைப் பெற்றிருந்தும் கிறிஸ்துவை இன்னும் பெறவில்லை என்று உணர்ந்ததாக எழுதுகிறார். சாஸ்திரமெல்லாம் கற்ற ஒருவர் இப்படி எழுதுவது எளிதன்று. எங்களை அவரிடம் கட்டிப்போட்ட இடம் இதுவே.

துன்பத்தைக் கடவுளே பாடம் புகட்ட அனுப்புகிறார் என்று சிலர் சொல்வார்கள். இதை நாங்கள் அவ்வளவு எளிதில் ஒப்புவதில்லை. ஆலையை மூடியவர்கள் மனிதர்கள். அவர்கள் கணக்கை இறைவன் பேரில் எழுத வேண்டியதில்லை. பவுல் அப்போஸ்தலர் தம் மாம்சத்தில் தைத்த முள்ளுக்காக மூன்று முறை வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. அது என்ன முள் என்றுகூட அவர் சொல்லவில்லை. முள்ளோடு நடக்கப் பலம் கிடைத்தது என்பதே செய்தி.

1896-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் பரவியபோது, ரமாபாய் அங்கே சென்று ஆதரவற்ற பெண்களையும் சிறுமிகளையும் கேட்காவுக்கு அழைத்துவந்தார். பசித்தவள் எப்படி வெட்கப்படுவாள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அங்கே நெசவும் அச்சுவேலையும் கற்பித்தார். எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, வேதாகமத்தை எளிய மராத்தியில் பெயர்த்தார். பண்டிதர் மெச்சும் நடையில் எழுத வல்லவர், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெண்களுக்காக நடையைத் தாழ்த்திக்கொண்டார். காது மந்தமான நிலையிலும் அவ்வேலை நடந்தது. 1921-இல் மகள் மனோரமா இறந்தார். 1922 ஏப்ரலில் தாயும் மறைந்தார். 1989-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

எங்கள் வீட்டில் இப்போது இட்லி மாவு அரைத்து விற்கிறோம். மாடி மாடியாக ஏறிக் கொடுப்பதில் முதலில் கால் கூசியது. இப்போது முட்டி வலிதான் மிச்சம். அடுத்த கட்டடத்தில் வேலை இழந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. மானமுள்ளவர்கள், கேட்கமாட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள், "இன்று மாவு மிஞ்சிப் போயிற்று, நாளைக்குப் புளித்துவிடும்" என்று சொல்லி அவர்கள் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு வருகிறோம்.