வாவிக்கரையில் சுட்ட தேசிக்காய்

கறியை அடுப்பால் இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப்புளி விட வேண்டும். எங்கள் அம்மாமார் சொல்லித் தந்த முதற் பாடங்களில் இதுவும் ஒன்று. கொதிக்கிற தேங்காய்ப்பாலில் புளி விழுந்தால் பால் திரைந்துவிடும். நெருப்பிலே அதிக நேரம் கிடந்தால் சாறு கைத்துவிடும். ஆகவே தேசிக்காய்க்கும் நெருப்புக்கும் ஒத்துவராது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ஆனால் தேசிக்காயை நெருப்பிலும், உப்பிலும், வெயிலிலும் வைத்துப் பழுப்பாக்கி, அதைக் கொண்டே இறைச்சிக்கறி ஆக்குகிற பெண்கள் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேரின் அடுப்படிகளுக்கு நான் போய் வந்தேன். தங்கள் பெயர்கள் வேண்டாம் என்றார்கள். ஆனால் கைப்பக்குவத்தை மறைக்காமல் சொல்லித் தந்தார்கள்.

பயணம் புளியந்தீவில் தொடங்கியது. மட்டக்களப்பு நகரத்தின் நடுப்பகுதியான இந்தத் தீவின் பெயரிலேயே புளி இருக்கிறது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்ட கோட்டை இங்கேதான் வாவியைப் பார்த்தபடி நிற்கிறது. கறிக்குப் பழப்புளியும் தேசிக்காயும் இரண்டுமே நம் பேச்சில் 'புளி'தான். சந்தையில் தேசிக்காயைக் கூறு கூறாகக் குவித்து வைத்துக்கொண்டு இருந்த அம்மா ஒருவரிடம், சுடுவதற்கு எது நல்லது என்று கேட்டேன். தோல் மெல்லியதாக, பச்சை மாறி மஞ்சள் பிடிக்கத் தொடங்கியதாக, கையில் எடுத்தால் பாரமாக இருப்பதைப் பொறுக்கித் தந்தார். தோல் தடித்த காயில் வெள்ளைச் சதை அதிகம். கைப்பு அந்தச் சதையில்தான் இருக்கிறது.

கல்லடிப் பாலத்தைக் கடந்தால் ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி நாவலடி, டச்பார், கல்லடிக் கரைகளை அள்ளிக்கொண்டு போனதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் போன முதலாவது வீட்டு அக்கா அன்றைக்கு இங்கே இல்லை. கணவர் காணாமல் போன பிறகு, மூன்று பிள்ளைகளையும் தாயிடம் விட்டுவிட்டு, குவைத்திலே வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தார். எசமானி வீட்டுத் தொலைக்காட்சியில்தான் தன் கடற்கரையைப் பார்த்தார். தாயும் பிள்ளைகளும் தப்பிவிட்டார்கள் என்ற செய்தி கிடைக்க நான்கு நாள் சென்றதாம். அந்த நான்கு நாளும் அவர் சமைத்துக்கொண்டுதான் இருந்தார். வீடு போய்விட்டது. வீடு கட்டுவதற்காக இன்னும் மூன்று வருடம் அங்கேயே நின்றார்.

குவைத்து அடுப்படியில் அவர் கற்றுக்கொண்டதுதான் 'லூமி' என்னும் கறுப்புத் தேசிக்காய். முழுத் தேசிக்காயை உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் அவித்து, பல கிழமைகள் வெயிலில் காயவைப்பார்கள். கடைசியில் அது கறுத்து, சுருங்கி, காற்றுப் போலப் பாரமில்லாமல் ஆகிவிடும். வளைகுடா நாடுகளில் இறைச்சியும் சோறும் சேர்த்து ஆக்குகிற 'மச்பூஸ்' சாப்பாட்டுக்கு இதுதான் உயிர். ஈராக்கில் இதை 'நூமி பஸ்ரா' என்றும், ஈரானில் 'லிமூ அமானி', அதாவது ஓமான் தேசிக்காய் என்றும் சொல்வார்கள். ஓமானிலிருந்து கடல்வழி வந்த பண்டம் என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

"அங்க ஆக்கினது எல்லாம் அவங்கட வாய்க்கு. இப்ப என்ட பிள்ளையளுக்கு ஆக்குறன்" என்றார் அக்கா. கச்சான் காற்று வீசுகிற வெயில் மாதங்களில் தகரக் கூரையில் சுளகை வைத்துத் தேசிக்காய் காயவைக்கிறார். மாரி தொடங்கினால் பூஞ்சணம் பிடித்துவிடும், ஆகவே ஆவணிக்கு முன்னமே வேலையை முடித்துவிடுவாராம். காய்ந்ததில் இரண்டைக் கம்பியால் குத்தி, மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ அவிகிற சட்டியில் போடுகிறார். இறைச்சி வெந்த பின் காயை எடுத்து, இரண்டாகப் பிளந்து, விதைகளை எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் கறுத்த சதையை மட்டும் ஆணத்தில் கரைக்கிறார். புளிப்போடு புகை மணமும் சேர்ந்து வரும்.

வெளிநாடு போன எல்லாருக்கும் திரும்பி வந்து சொல்லித் தரக் கிடைக்கவில்லை. 2005இல் மூதூரிலிருந்து சவூதி போன றிசானா நபீக்குக்கு, 2013 ஜனவரி 9ஆம் திகதி அங்கே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அக்கா அந்தப் பெயரைச் சொன்னபோது அடுப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு சட்டியை மூடினார்.

கல்லடியிலிருந்து கல்முனை வீதியால் தெற்கே போனால் காத்தான்குடி வரும். அதோடு ஒட்டியே ஆரையம்பதி. ஒன்று முஸ்லிம் ஊர், மற்றது தமிழ் ஊர். வேலிக்கு மேலால் கறி கைமாறிய ஊர்கள் இவை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் அதிகமானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் இந்த மாவட்டத்தின் தமிழ்க் கிராமங்களிலும் பிணங்கள் விழுந்தன. அதன் பிறகு வேலிக்கு மேலால் எதுவும் கைமாறப் பல வருடங்கள் சென்றன.

இரண்டாவது வீட்டு ராத்தாவின் அலுமாரியில் வரிசையாகக் கண்ணாடிப் போத்தல்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் போட்ட திகதி எழுதிய கடதாசி ஒட்டியிருக்கிறது. இவ்வருடத்தியது வைக்கோல் நிறம். மூன்று வருடத்துக்கு முந்தியது தேன் நிறம். ஏழு வருடத்துக்கு முந்தியது தேயிலைச் சாயம் போல. நெருப்பே படாமல், உப்பும் வெயிலும் காலமும் மட்டுமே இந்த நிறத்தைக் கொடுத்திருக்கின்றன.

அவர் சொன்ன முறை இது. பத்துத் தேசிக்காயைக் கழுவி ஈரம் துடைத்து, அடி பிரியாமல் நான்காகக் கீறி, நூறு கிராம் உப்பை உள்ளே அடைய வேண்டும். கண்ணாடிப் போத்தலிலோ மண்சாடியிலோ போட்டு மூடி, நான்கு நாள் ஒவ்வொரு நாளும் குலுக்க வேண்டும். பின்பு பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் அதே உப்புச் சாற்றில் திரும்பப் போட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் தோல் சுருங்கிப் பழுப்பாகும். அதன் பின் புதிதாகப் பிழிந்த தேசிக்காய்ச் சாற்றை மூடுமளவு விட்டு வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். ஈரக்கரண்டி மட்டும் உள்ளே போகக்கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். புளியும் உப்பும் சேர்ந்து அதை அரித்துவிடும்.

மாட்டிறைச்சிக் கறிக்கு இந்தத் தேசிக்காயில் கால்பங்கு போதும். தண்ணீரில் நன்றாகக் கழுவி, உள் சதையை எடுத்துவிட்டு, தோலை மட்டும் பொடியாக அரிந்து, கறி இறக்குவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் போடுகிறார். அன்றைக்குக் கறிக்கு உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பிரஷர் இருப்பவர்கள் இதில் கவனமாக இருங்கள். மொறோக்கோ நாட்டிலும் உப்பிலிட்ட எலுமிச்சையைக் கோழியோடும் ஒலிவ் காயோடும் மண்சட்டியில் வேகவைப்பார்கள். அங்கேயும் தோலுக்குத்தான் மதிப்பு.

ராத்தாவின் தேசிக்காய்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டேன். "ஆரையம்பதியில ஒரு தங்கச்சி கொண்டாந்து தருவா. நான் போத்தல் குடுப்பன். காசு ரெண்டு பேருக்கும்" என்றார். 1990ஐப் பற்றி அவர் அதற்கு மேல் பேசவில்லை.

ஆரையம்பதி தாண்டி மேற்கே திரும்பினால் மண்முனைத் துறை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த வாவிக்கு இரு கரைகள். சூரியன் எழுவது எழுவான்கரை, படுவது படுவான்கரை. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவைப் படகில்தான் இங்கே கடக்க வேண்டும். போர்க்காலத்தில் இது வெறும் துறையாக இருக்கவில்லை. சோதனைச்சாவடியும், வரிசையும், எண்ணிக் கொண்டுபோகும் அரிசியும் மண்ணெண்ணெயும் இதோடு சேர்ந்திருந்தன. 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் பிள்ளைகளையும் பொட்டலங்களையும் தூக்கிக்கொண்டு வாவியின் இந்தப் பக்கம் வந்தார்கள். இன்று பஸ் சில நிமிடத்தில் பாலத்தைக் கடந்துவிடுகிறது. தயிர்ச் சட்டிகளோடு பெண்கள் ஏறி இறங்குகிறார்கள்.

தான்தோன்றீச்சரர் கோயில் இருக்கிற கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில்தான் மகிழடித்தீவு. 1987 ஜனவரியில் இறால் பண்ணையில் வேலை செய்தவர்களும், 1991 ஜூன் 12ஆம் திகதி ஊர்மக்கள் பலரும் கொல்லப்பட்ட மண் இது. இந்தப் பகுதியில்தான் மூன்றாவது அடுப்படி. கணவனைப் போரில் இழந்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அம்மா அவர். முற்றத்தில் ஒரு தேசி மரம். முதல் இருந்த மரம் இடம்பெயர்ந்த காலத்தில் பட்டுப்போனது. 2007இல் திரும்பி வந்த உடனே, கூரைக்கு முன்னம் தேசி விதை ஊன்றினாராம். விதையில் முளைத்தது காய்க்க ஐந்தாறு வருடமாவது வேண்டும். "காய்க்கும் மட்டும் எங்கள எழுப்பாம விட்டாங்கள், அது போதும்" என்றார்.

அவர் தேசிக்காயை நேரே அடுப்பில் சுடுகிறார். மண்தாச்சியை எண்ணெய் விடாமல் நன்றாகக் காயவைத்து, பாதியாக வெட்டி விதை நீக்கிய தேசிக்காயை வெட்டுமுகம் கீழே வரும்படி வைக்கிறார். மேலே ஒரு சிட்டிகை சீனி தூவின காய் இன்னும் நல்ல நிறம் எடுக்கும். "கிளறாத மகள், அமத்தாத. அது தன்ட பாட்டில இருக்கட்டும். அவசரப்பட்டா தண்ணிதான் வரும், கனக்க விட்டா கைக்கும்." மூன்று நான்கு நிமிடத்தில் வெட்டுமுகம் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகிறது. கறுக்க முன் எடுத்துவிடுகிறார்.

இதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். சீனி நிறம் மாறி மணக்க ஏறக்குறைய 160 பாகை வேண்டும். வெட்டுமுகத்து ஈரம் வற்றினால்தான் சூடு அந்த அளவுக்கு ஏறும். கிளறினால் புதிய சாறு கசிந்து மறுபடி குளிர்ந்துவிடும். தேசிக்காயில் சீனி கொஞ்சம்தான், ஆனாலும் அது கருகாமல் பழுக்கும்போது புளிப்பின் வெட்டுக் குறைந்து, இனிப்பும் சிறு கைப்பும் சேர்ந்து வருகின்றன. இறைச்சிக்கும் ஒரு விதி உண்டு. புளி பட்ட இறைச்சி சிவக்கத் தாமதமாகும். ஆகவே இறைச்சியை முதலில் வதக்கிச் சிவக்கவிட்டு, புளியைக் கடைசிக்கு வைக்க வேண்டும்.

அந்த அம்மாவின் கோழிக்கறி அளவு இது:

ஊர்க்கோழி அரைக்கிலோ, தேசிக்காய் நான்கு, சின்ன வெங்காயம் 150 கிராம், உள்ளி ஆறு பல்லு, இஞ்சி ஒரு துண்டு, கொச்சிக்காய்த் தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகுதூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள், கறுவாப்பட்டை, ரம்பை, கறிவேப்பிலை, முதற்பால் ஒரு கப், இரண்டாம் பால் இரண்டு கப், உப்பு.

கோழித்துண்டுகளுக்கு உப்பும் மஞ்சளும் பிரட்டி, சட்டியில் கொஞ்ச எண்ணெயில் சிவக்கப் பொரித்து எடுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம், உள்ளி, இஞ்சி, ரம்பை, கறிவேப்பிலை, கறுவாவைப் பொன்னிறமாக வதக்குங்கள். தூள்களைப் போட்டு வாசம் வந்ததும், கோழியையும் இரண்டாம் பாலையும் சேர்த்து மெல்லிய நெருப்பில் வேகவிடுங்கள். ஊர்க்கோழிக்கு முக்கால் மணித்தியாலம் செல்லும். வெந்ததும் முதற்பாலை விட்டு, ஒரு கொதி வர இறக்குங்கள். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, சுட்ட தேசிக்காய்களில் ஆறு பாதிகளின் சாற்றைப் பிழியுங்கள். மற்ற இரண்டு பாதிகளை மேலே வைத்து மூடிவிடுங்கள். பால் திரையாது.

அரைக்கிலோ கோழி அன்றைக்கு ஏழு பேருக்குப் போதுமாக இருந்தது. ஆளுக்கு இரண்டு துண்டுதான் வந்தது, ஆனால் ஆணத்தைப் பிட்டோடு குழைத்துச் சாப்பிட்டவர்கள் இறைச்சியை எண்ணவில்லை. மாதத்துக்கு ஒருமுறை இறைச்சி வாங்கும் வீடுகளுக்கு இந்தப் பழுத்த புளி செய்கிற உதவி இதுதான். வாவி இறாலுக்கும் நண்டுக்கும் இதே சாறு பொருந்தும். அவற்றுக்கு இரண்டு பாதி போதும்.

தோழியரே, தேசிக்காய் மலிந்து கிடக்கும் காலத்தில் பத்துக் காயாவது உப்பில் போட்டு, திகதி எழுதி வையுங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் போத்தல் விற்கவும் முடியும். கல்லடி அக்காவும் காத்தான்குடி ராத்தாவும் விற்கிறார்கள். பிழிந்த பிறகு விதைகளை எறியாதீர்கள். கிணற்றடியில், கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில் இரண்டை ஊன்றுங்கள். ஐந்தாறு வருடம் நீண்ட காலம்தான். படுவான்கரை அம்மா அந்தக் காலத்தைக் காத்திருந்து, இன்று அயல் வீடுகளுக்கும் காய் பிடுங்கிக் கொடுக்கிறார்.