ஓரகத்தி வீட்டு பீப் சத்தம்

திருவண்ணாமலை,
மார்கழி.

அன்புள்ள சிநேகிதிக்கு,

நீ, உன் வீட்டுக்காரர், உன் மூட்டு வலி மூணு பேரும் எப்படி இருக்கீங்க? ஊர் விசேஷம் ஒண்ணுமே எழுதறதில்லைன்னு போன கடிதத்துல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டியே, இந்தா வட்டியும் முதலுமா எழுதறேன். படிச்சதும் கிழிச்சுப் போட்டுடு. கோயம்புத்தூர்ல இருந்தாலும் உனக்கு ஓட்டை வாய். இது என் ஓரகத்தி காதுக்குப் போச்சுன்னா பொங்கலுக்கு என் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டா.

அவ மகனுக்குப் பொண்ணு அமைஞ்சாச்சு. தரகர் கொண்டுவந்த இடம்தான், ஜாதகமும் பொருந்தினதுதான். ஆனா முடிச்சு வெச்சது என்னவோ ஒரு கம்ப்யூட்டர் போட்ட கூச்சல்.

பையனை உனக்குத் தெரியும். என்னைப் பெரியம்மா, பெரியம்மான்னு சுத்தி வருவானே, அவனேதான். வளைகாப்பு, காதுகுத்து, கிரிவலம்னு வீடியோ எடுத்து எடிட்டிங் பண்றான். பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்குதுன்னு கார்த்திகை தீபம் முடிஞ்ச கையோட புதுசா ஒண்ணு அவனே அசெம்பிள் பண்றேன்னு கிளம்பினான். 2024 மே மாசம் சென்னை பீச்சுக்கு ஒரு மெமு ரயில் விட்டாங்களே, விடிகாலை 4 மணிக்கு இங்கேருந்து புறப்படறது, அதுல ஏறிப் போய் ரிச்சி தெருவுல நாள் பூரா அலைஞ்சு, சாயங்கால வண்டியில மதர்போர்டை மடியில வெச்சுக்கிட்டு நடுராத்திரி வந்து இறங்கினான். ரயில் டிக்கெட் பஸ்ஸைவிட மலிவு. மிச்சம் பிடிச்ச பஸ் காசுக்கு ஒரு பஸ்ஸர் வாங்கினேன்னு பெருமை வேற. பஸ்ஸர்னா என்னன்னு கேக்கறியா? மிளகு டப்பா மூடி அளவுகூட இருக்காது. கறுப்பா ஒரு குட்டி ஸ்பீக்கர், ரெண்டு ஒயர். மதர்போர்டுல ஒரு ஓரமா அதைச் சொருகணும். இப்பல்லாம் பெட்டியோட தர்றதில்லையாம். அதுக்குப் பதிலா போர்டுலயே சிபியு, ராம், கிராபிக்ஸ், பூட்னு நாலு குட்டி விளக்கு வெச்சுடறாங்க. எது எரிஞ்சு நிக்குதோ அதுல கோளாறு. இவன் பழைய ஆள் மாதிரி, காதால கேட்டாதான் நம்பிக்கைன்னு வாங்கிட்டு வந்தான். வினையும் அங்கதான் ஆரம்பம்.

முதல் தடவை ஆன் பண்ணினப்போ திரை இருட்டாவே கிடந்தது. நிமிஷம் நிமிஷமாப் போகுது, ஒண்ணும் வரல. எலுமிச்சம்பழம் நசுக்காம, சூடம் காட்டாம ஸ்விட்சைப் போட்டா இப்படித்தான்னு ஓரகத்தி ஓடிப்போய் கற்பூரம் கொண்டுவந்தா. அவ ஏத்தறதுக்கும் திரையில வெளிச்சம் வர்றதுக்கும் சரியா இருந்தது. அன்னிலேருந்து தன் கற்பூரத்தாலதான் கம்ப்யூட்டருக்கு உயிர் வந்ததுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா. அது டிடிஆர்-5 ராம்டீ. புதுசாப் போட்டதும் போர்டும் ராமும் எந்த வேகத்துல ஒத்துப்போகும்னு ஒண்ணை ஒண்ணு சோதிச்சுப் பாத்துக்குமாம். அந்தச் சில நிமிஷம் திரை இருட்டாத்தான் இருக்கும். பயந்துபோய் நடுவுல அணைக்காம காத்திருந்தாப் போதும்.

அதுக்கப்புறம் நல்லாத்தான் ஓடிச்சு. மார்கழி பிறந்துச்சு, பீப் பிறந்துச்சு.

விடிகாலையில, நல்லா வேலை செஞ்சிட்டிருக்கற கம்ப்யூட்டர், திடீர்னு பீப் பீப் பீப்னு கத்தும். திரையில ஒரு எழுத்து வராது, ஒரு குத்தம் காட்டாது. கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும். இது ஒருபக்கம். எங்க மாமியார் வேற, கம்ப்யூட்டரை அணைச்ச பிறகும் ராத்திரியில அது கத்துதுன்னு சொன்னாங்க. யாரும் நம்பல. தண்ணி டேங்க் நிரம்பினா கத்தற அலாரமா இருக்கும், ஆசிரமத்துப் பக்கத்து மயிலா இருக்கும், வயசாயிடுச்சு, காது கேக்கலைன்னு ஆளாளுக்குத் தள்ளிவிட்டாங்க. 80 வயசுப் பொம்பளை சொன்னதைக் காதுல வாங்கியிருந்தா அன்னிக்கே பாதி விஷயம் முடிஞ்சிருக்கும்.

ரெண்டு தெரு தள்ளி ஒரு சர்வீஸ் பையன் இருக்கான், அவனைக் கூட்டிட்டு வந்தாங்க. ராமைக் கழட்டி, அதோட தங்கப் பல்லையெல்லாம் பென்சில் ரப்பரால தேய்ச்சு மாட்டினான். அதைக் குறை சொல்ல மாட்டேன். அழுக்கு படிஞ்சு தொடர்பு விட்டுப்போன ராமுக்கு அது சரியான வைத்தியம்தான். ஆனா அப்படித் தொடர்பு விட்டிருந்தா பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரையே காட்டாதே! அப்புறம் சூடு ஏறுதுன்னு பேஸ்ட் மாத்தினான். கடைசியா விண்டோஸை அழிச்சுட்டுப் புதுசாப் போடணும்னு சொல்லி அதுக்கு ஒரு தொகை வாங்கினான். மறுநாள் விடிகாலை மறுபடியும் பீப். "பஸ்ஸரைப் பிடுங்கிடலாம்ண்ணே, சத்தம் வராது"ன்னான் பாரு, எனக்கு வந்ததே கோவம். இந்த ஊர்ல பாதி ரிப்பேர் இப்படித்தான் நடக்குது. ஸ்கூட்டர்ல எச்சரிக்கை விளக்கு எரிஞ்சா பல்பைக் கழட்டறவங்கதானே நம்மாளுங்க.

அந்தச் சமயத்துலதான் பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தாங்க. போளூர்ப் பக்கம். விடிகாலையில அருணாசலேசுவரரைத் தரிசனம் பண்ணிட்டு, குளிரோட குளிரா 7 மணிக்கே வந்துட்டாங்க. கூடவே பொண்ணும் வந்துட்டாடீ! நம்ம காலத்துல நடக்குமா? என்னைப் பாக்க வந்தவங்க வீட்டு வாசல் எந்தத் திசையில இருக்குன்னே கல்யாணத்தன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். இவ என்னடான்னா சுடிதார் போட்டுக்கிட்டு, "அவர் வேலை செய்யற இடத்தைப் பாக்கலாமா?"ன்னு நேரா கேக்கறா. அவளுக்கு ஒரு பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் லேப்ல வேலை. ஓரகத்தி கேசரித் தட்டோட சிலையா நின்னுட்டா.

அப்பப் பாத்து பீப் பீப் பீப்.

பொண்ணோட அப்பா பஞ்சாங்கம் பாக்கற ஆளு. முகம் சுருங்கிப் போச்சு. ஓரகத்தி கண்ணுல தண்ணி. பொண்ணு மட்டும் கையிலிருந்த கேசரியைக் கீழ வெச்சுட்டு எண்ண ஆரம்பிச்சா. "எல்லாம் ஒரே அளவாத்தான் இருக்கு, நீளம் குட்டைன்னு இல்ல"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு அவனைப் பாத்துக் கேட்டா: "ஆன் பண்ணினதும் திரை வர்றதுக்கு முன்னாடி கத்துதா, விண்டோஸ் வந்தப்புறமா? வேலை குடுத்திருக்கும்போதா, சும்மா இருக்கும்போதா?"

இத்தனை நாள் இதை ஒருத்தரும் கேக்கலடீ!

அவ எனக்கு விளக்கினதை அப்படியே எழுதறேன், உன் பேரனுக்கு உதவும். கரண்ட் வந்ததும் மதர்போர்டுல முதல்ல கண் முழிக்கறது பயாஸ்னு ஒரு நிரல். சிபியு இருக்கா, ராம் இருக்கா, படம் காட்ட கார்டு இருக்கான்னு ஒவ்வொண்ணா சோதிக்கும். திரை வர்றதுக்கு முன்னாடியே கோளாறு தெரிஞ்சா எழுத்துல எப்படிச் சொல்றது? அதனால சத்தத்துல சொல்லும். 1981-ல வந்த ஐபிஎம் பிசி-யிலயே உண்டாம். எல்லாம் சரின்னா ஒரே ஒரு குட்டை பீப். ஒரு நீளம் ரெண்டு குட்டைன்னா திரை சம்பந்தமான கோளாறு. பழைய அவார்டு பயாஸ்லயும் அப்படியே. ஆனா ஆசஸ் போர்டு புத்தகத்துல பாத்தா அதே ஒரு நீளம் ரெண்டு குட்டைக்கு ராம் இல்லைன்னு அர்த்தம் போட்டிருக்கும். அதனால சத்தத்தை மட்டும் எண்ணினாப் போதாது. எந்தப் போர்டு, யார் எழுதின பயாஸ்னு பாத்து, அந்தப் புத்தகத்தைப் புரட்டணும்.

இன்னொண்ணும் சொன்னா. உலகம் பூரா எத்தனையோ மதர்போர்டுல ஓடற ஏஎம்ஐ பயாஸ் இருக்கே, அந்தக் கம்பெனியை 1985-ல அமெரிக்காவில ஜார்ஜியா மாநிலத்துல ஆரம்பிச்சது சுப்பிரமணியன் சங்கர், பாட் சர்மான்னு ரெண்டு பேராம். சென்னையிலயும் அவங்களுக்கு ஆபீஸ் இருக்காம். எங்க மாமியார் உடனே, "சங்கரன், சுப்பிரமணியன், அப்பனும் பிள்ளையும் ஒரே பேருல இருக்காங்க. அப்ப கெடுதல் ஒண்ணும் வராது"ன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. பஞ்சாங்கக்காரர் முகம் அப்பத்தான் கொஞ்சம் தெளிஞ்சுது.

சரி, நம்ம பீப் திரை வந்தப்புறம் இல்லையா அடிக்குது? அப்ப அந்தச் சோதனைக் கணக்குல வராது. ஓடிக்கிட்டிருக்கும்போது கத்தினா ஒண்ணு சூடு, இல்ல விசிறி, இல்ல மின்சாரம், இல்ல விண்டோஸே போடற சத்தம். வலது ஷிப்ட் பொத்தானை 8 வினாடி அமுக்கிப் பிடிச்சாக்கூட விண்டோஸ் சத்தம் போடுமாம். வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா முதல்ல அதைப் பாக்கணும். ஆனா இப்ப அந்தச் சத்தமெல்லாம் சாதாரண ஸ்பீக்கர் வழியாத்தான் வரும். அவ ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினா. அப்பவும் பீப். அப்ப போர்டுதான் கத்துது.

"சூடுதான்னு சர்வீஸ்ல சொன்னாங்க"ன்னு இவன் இழுத்தான். "வீடியோ ரெண்டர் ஆகும்போது கத்துதா?"ன்னு கேட்டா. இல்ல. மத்தியானம்? இல்ல. வேலையே இல்லாம, குளிர்ந்து கிடக்கும்போதுதான் கத்துது. சூடு காரணம்னா வேலை ஏற ஏறல்ல கத்தணும்? இது தலைகீழா இருக்குன்னு சொல்லி, மறுபடி ஆன் பண்ணி பயாஸ் திரைக்குள்ள போனா.

அங்க இருந்தது எங்க வீட்டுப் பையனோட கைவண்ணம். மார்கழி இல்லையா, திருவெம்பாவை வீடியோ போட விடிகாலையில ஆளுங்களைக் கூட்டிவந்து பாட வெச்சுப் பதிவு பண்றான். மாணிக்கவாசகர் அதைப் பாடினதே நம்ம ஊர்லதானே, கிரிவலப் பாதையில அடி அண்ணாமலையில அவருக்குக் கோயிலே இருக்கே, அதனால இந்த மாசம் அவனுக்கு நல்ல கிராக்கி. மைக்ல விசிறி இரைச்சல் விழக்கூடாதுன்னு, 45 டிகிரிக்குக் கீழ இருந்தா சிபியு விசிறி சுத்தவே வேண்டாம்னு மார்கழி முதல் நாள் பயாஸ்ல மாத்தி வெச்சிருக்கான். சரி, வெச்சான். ஆனா அசெம்பிள் பண்ணின அன்னிக்கு அதே பயாஸ்ல எச்சரிக்கைன்னு பேர் போட்ட எல்லாத்தையும் பாதுகாப்புக்குன்னு ஆன் பண்ணியிருக்கான். அதுல ஒண்ணு, விசிறி நின்னா சத்தம் போடுன்னு இருக்கு.

விசிறியில ஒரு ஒயர் எத்தனை சுத்து சுத்துதுன்னு போர்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்குமாம், ஒரு சுத்துக்கு ரெண்டு துடிப்பு. துடிப்பு நின்னா விசிறி செத்துப்போச்சுன்னு போர்டு நினைக்கும். மார்கழிக் குளிருல அறை சில்லுனு கிடக்கு. கம்ப்யூட்டர் சும்மா இருக்கு. சூடு 45-க்குக் கீழ இறங்குது, இவன் சொன்னபடி விசிறி நிக்குது, இவன் சொன்னபடியே போர்டு கத்துது. கொஞ்சம் சூடேறினா விசிறி சுத்தும், கத்தல் நிக்கும். பாவம், அது தன் எஜமானன் சொன்ன ரெண்டையும் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு!

எச்சரிக்கையை அணைக்கவே கூடாதுன்னு அவ அடிச்சுச் சொல்லிட்டா. நிஜமாவே ஒருநாள் விசிறி நின்னா தெரிய வேணாமா? விசிறியை ஒரேயடியா நிறுத்தாம மெதுவாச் சுத்தற மாதிரி வெச்சு, மைக்கை ரெண்டு அடி தள்ளி வைக்கச் சொன்னா. அவ்வளவுதான்.

ராத்திரிக் கூச்சலா? அதைத்தானே உனக்குச் சொல்லத் துடிச்சுக்கிட்டிருக்கேன்! எங்க மாமியார் மெதுவா, "அணைச்சப்புறமும் கத்துதும்மா"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம், அவ சிரிக்கல. குனிஞ்சு மேஜைக்கு அடியில யுபிஎஸ்ஸைப் பாத்தா. "ராத்திரி சுவர் ஸ்விட்சை யாராவது அணைக்கறீங்களா?"ன்னா. ஓரகத்தி முகத்தைப் பாக்கணுமே! கரண்ட் பில் மிச்சம் பிடிக்கறேன்னு தினம் படுக்கப்போறதுக்கு முன்னாடி சுவர் ஸ்விட்சை அணைச்சுட்டுப் போறது அவதான். யுபிஎஸ் பொத்தானை அணைக்கறதில்ல. அதுக்கு என்ன தெரியும், ஊர்ல கரண்ட் போயிடுச்சுன்னு நினைச்சு பேட்டரிக்கு மாறி, சில வினாடிக்கு ஒரு தடவை கத்தியிருக்கு. அதோட, அது பழைய கம்ப்யூட்டருக்கு வாங்கின 600 விஏ யுபிஎஸ். 600 வாட்னு இவன் நினைச்சிட்டிருந்தான். அந்த மாதிரி யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்குமாம். கிராபிக்ஸ் கார்டு போட்ட புதுப் பெட்டி முழு வேகத்துல ஓடும்போது கரண்ட் போனா அது விடாம அலறிட்டு அணைஞ்சிடும், பெருசா வாங்குங்கன்னு சொன்னா. மாமியார் அவளைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு விடவே இல்ல. பொண்ணு கேசரியை முடிக்கறதுக்குள்ள தட்டு மாத்திக்கற நாள் பேசியாச்சு. ஓரகத்திக்கு மட்டும் உள்ளுக்குள்ள கொஞ்சம் கலக்கம். வரப்போறவ ஸ்விட்ச் கணக்கெல்லாம் கேப்பா போலிருக்கேன்னு என்கிட்டயே கேட்டா. கேக்கட்டும்னேன்.

தை பிறந்ததும் நிச்சயதார்த்தம். மாட்டுப் பொங்கலன்னிக்குத் திருவூடல், அதுக்கு முன்னாடியே வந்து இறங்கிடு, என் வீட்டுலதான் தங்கணும். கிளம்பறதுக்கு முன்னாடி உன் வீட்டு யுபிஎஸ் பேட்டரி வாங்கி எத்தனை வருஷம் ஆச்சுன்னு பாத்துடு. அந்தச் சின்ன லெட் ஆசிட் பேட்டரிங்க சாதாரணமா ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல தாங்கறதில்ல.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்ச் தோழி.